திருச்சி – பலாலி: வான்தூரமும் பயண நேரமும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 184 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கோவை விமான நிலையமும் ஏறக்குறைய இதே தூரத்தில்தான் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் இதைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். ஆனாலும் திருச்சிக்காரர் ஒருவர் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பி மதியம் கோவையில் இருந்துவிடலாம். பலாலிக்கு அப்படிப் போய்விட முடியாது. 184 கிலோமீட்டர் என்ற எண் பயணிக்குச் சொல்லுவது மிகக் குறைவு. குறுந்தூர விமானப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பவை ஏறுதல், இறங்குதல், தரையில் ஊர்தல், குடிவரவு வரிசை ஆகியவைதான். தூரம் அவற்றுக்கெல்லாம் அடுத்தபடி.

இத்தடத்தில் நேரடி விமானச் சேவையை இண்டிகோ நிறுவனம் 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது. அதற்கு முன் திருச்சி வட்டாரத்திலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர்கள் வடக்கே சென்னைக்குப் போய் அங்கிருந்து தெற்கே பறக்க வேண்டியிருந்தது, அல்லது கொழும்பில் இறங்கி வடக்கே ஏற வேண்டியிருந்தது. இரண்டுமே சுற்றுவழி.

தூரத்தைக் கணக்கிடும் முறை

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று இணையத்திலும் கையேடுகளிலும் கொடுக்கப்படுவது பூமியின் வளைவை ஒட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய கோடு. இதைக் கண்டுபிடிக்கச் சிக்கலான சூத்திரங்கள் உண்டு. நூறு இருநூறு கிலோமீட்டர் தூரத்துக்கு அவை தேவையில்லை. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும்.

திருச்சி நிலையத்தின் இருப்பிடம் 10°45′55″ வடக்கு, 78°42′35″ கிழக்கு. பலாலியின் இருப்பிடம் 9°47′32″ வடக்கு, 80°04′12″ கிழக்கு. அட்சரேகையில் ஒரு பாகைக்கு அறுபது நிமிடங்கள். அந்த ஒரு நிமிட அளவுள்ள தூரமே ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆக, வடக்கு தெற்காக வித்தியாசம் 58.4 கடல் மைல். கிழக்கு மேற்காக வித்தியாசம் 81.6 நிமிடங்கள். ஆனால் தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நெருங்கி வருவதால், இந்த எண்ணை அட்சரேகையின் கோசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். பத்தேகால் பாகையில் அது 0.984. விடை 80.3 கடல் மைல். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99 கடல் மைலுக்குச் சற்று மேல் வருகிறது. கிலோமீட்டரில் 184.

இதே கணக்கைச் சென்னைக்கும் பலாலிக்கும் போட்டால் சுமார் 355 கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் அங்கே பெருக்கலுக்கே அதிக வேலை இல்லை.

வெவ்வேறு இணையதளங்கள் ஒரே தடத்துக்கு வெவ்வேறு தூரம் காட்டுவதைப் பயணிகள் கவனித்திருக்கலாம். ஓரிரு கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம், சில தளங்கள் பூமியைச் சரியான கோளமாகவும் சில தளங்கள் துருவங்களில் தட்டையானதாகவும் எடுத்துக்கொள்வது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேறுபட்டால் காரணம் வேறு: அந்தத் தளம் விமான நிலையத்தை விட்டுவிட்டு ஊரின் நடுப்பகுதியிலிருந்து அளந்திருக்கும். பலாலி நிலையம் யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தள்ளி, காங்கேசன்துறைக்கு அருகில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

தூரத்தை வைத்து இத்தளங்கள் ஊகித்துத் தரும் பயண நேரத்தை நம்பவே வேண்டாம். பெரும்பாலானவை எல்லா விமானத்தையும் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் என்று வைத்துக்கொண்டு வகுத்துவிடுகின்றன. அந்தக் கணக்கில் திருச்சி – பலாலி பதினான்கு நிமிடம். அப்படி ஒரு விமானம் இத்தடத்தில் இல்லை.

கோடு போகும் வழி

திருச்சியிலிருந்து தென்கிழக்காக இழுத்த கோடு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடந்து, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போய், அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் கடலைத் தொடும். அதுவரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நிலம். அதன்பின் பாக்கு நீரிணை. யாழ்ப்பாணத்தின் வடகரை வரை இன்னொரு 90 கிலோமீட்டர் கடல். பாதிக்குப் பாதி.

விமானம் இந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக இருக்கிறது. காற்று வீசும் திசையைப் பார்த்து எந்த முனையிலிருந்து எழுவது, எந்த முனையில் இறங்குவது என்று தீர்மானிக்கிறார்கள். மேற்கு நோக்கி எழுந்தால் விமானம் வளைந்து திரும்பித்தான் பலாலி திசையைப் பிடிக்க வேண்டும். நடுவில் சென்னை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாறும் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை, வகுத்துவைத்த வான்வழிப் புள்ளிகளின் ஊடாகவே கடக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து நிஜமாகப் பறக்கும் தூரத்தை நேர்கோட்டைவிடக் கூட்டும். நீண்ட தடத்தில் இருபது கிலோமீட்டர் கூடினால் யாருக்கும் தெரியாது. இங்கே அது பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

விமானமும் ஓடுபாதையும்

பலாலியில் பயன்பாட்டில் உள்ள ஓடுபாதையின் நீளம் சுமார் 1,400 மீட்டர். திருச்சியில் 2,480 மீட்டர். ஏர்பஸ் 320 வகை ஜெட் முழுச் சுமையுடன் எழ இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் தேவைப்படும். திருச்சியில் அது தினமும் வந்துபோகிறது, பலாலிக்கு வர முடியாது. எனவே இத்தடத்துக்கு ஏற்றது ஏ.டி.ஆர். 72 என்ற இரட்டை விசிறி விமானம். கடல் மட்டத்தை ஒட்டிய நிலையத்தில் முழுச் சுமையுடன்கூட 1,300 மீட்டர் சொச்சத்தில் அது எழுந்துவிடும். இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானத்தில் 78 இருக்கைகள்.

இதன் பயண வேகம் மணிக்குச் சுமார் 510 கிலோமீட்டர். ஜெட்டோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் இந்தக் குறுந்தூரத்தில் ஜெட் ஓடினாலும் ஐந்தாறு நிமிடங்களுக்கு மேல் மிச்சமாகாது. காரணத்தை ஒரு கணக்கால் காட்டலாம். விமானம் 14,000 அடி உயரத்துக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தை எட்ட ஏ.டி.ஆருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். அதற்குள் 65 கிலோமீட்டர் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகள் பின்பற்றும் பொதுவிதி, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 14,000 அடிக்கு 42 கடல் மைல், அதாவது 78 கிலோமீட்டர். 184-இல் இவ்விரண்டும் போக மிஞ்சுவது 40 கிலோமீட்டர். விமானம் தன் முழு வேகத்தில் சமமட்டமாகப் பறப்பது அந்த நாற்பதில் மட்டும்தான், ஐந்து நிமிடம். மாடிப்படி ஏறி உடனே இறங்குவதைப் போன்ற பயணம் இது. எவ்வளவு வேகமான வண்டியானாலும் வேகம் காட்ட இடமில்லை.

அட்டவணை நேரத்தில் அடங்குவது

விமான அட்டவணையில் புறப்பாடு என்று இருப்பது, நிறுத்தத்தில் சக்கரத் தடையை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் நேரம். வருகை என்பது இறங்கி, ஊர்ந்து, மறு நிறுத்தத்தில் நின்று சக்கரத் தடை போடும் நேரம். காற்றில் இருக்கும் நேரத்தோடு தரையில் ஊரும் நேரமும் இதில் அடங்கும். நிறுவனங்கள் சிறு தாமதங்களைச் சமாளிக்க இதற்குள் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்துவைப்பதும் வழக்கம். அதனால்தான் சற்றுத் தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கே வந்து நிற்கிறது.

திருச்சி – பலாலிக்கு இந்த நேரம் ஏறக்குறைய ஒரு மணி. அதைப் பிரித்தால் இப்படி வரும்: திருச்சியில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல எட்டு நிமிடம், ஏற்றம் பன்னிரண்டு, சமமட்டம் ஐந்து, இறக்கம் பன்னிரண்டு, ஓடுபாதையை நேர்பிடிக்க ஆறு முதல் எட்டு, இறங்கிய பின் ஊர்தல் நான்கைந்து. ஐம்பது நிமிடம் ஆகிவிடுகிறது. மிச்சம் நிறுவனம் ஒதுக்கிவைத்த கூடுதல். சிறு நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையான ஊர்பாதை இல்லாவிட்டால் விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி ஊர்ந்து வர வேண்டியிருக்கும். அதற்கும் இரண்டொரு நிமிடம்.

வேறு தடங்களுக்கும் பயன்படும் ஒரு கைக்கணக்கு: ஏ.டி.ஆர். விமானமானால் நேர்கோட்டுத் தூரத்தை எட்டால் வகுத்து, வரும் நிமிடங்களோடு முப்பதைக் கூட்ட வேண்டும். திருச்சி – பலாலிக்கு 23-உம் 30-உம் சேர்ந்து 53. சென்னை – பலாலிக்கு 44-உம் 30-உம் சேர்ந்து 74, அதாவது ஒன்றேகால் மணி. மதுரை – சென்னை நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். கணக்குப்படி ஒரு மணி 22 நிமிடம். அச்சிட்ட அட்டவணைகளிலிருந்து இவை ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் விலகுவதில்லை. ஜெட் விமானமானால் 13-ஆல் வகுத்து 35-ஐக் கூட்டலாம். சென்னை – தில்லி 1,760 கிலோமீட்டருக்கு இரண்டு மணி ஐம்பது நிமிடம் வரும். நடப்பும் அதை ஒட்டியே இருக்கிறது. இந்தக் கணக்கிலிருந்தே தெரியவரும் இன்னொன்று: தில்லிப் பயணத்தில் கூட்டல் எண் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பலாலிப் பயணத்தில் பாதிக்கு மேல்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இந்தியாவும் இலங்கையும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கின்றன. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996 மே மாதம் மின்சாரச் சிக்கனத்துக்காக இலங்கை ஒரு மணி நேரம் முன்னே போனது, அதே ஆண்டு அக்டோபரில் அரைமணி பின்வாங்கியது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு இது உதவும்.

காற்றும் மழையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இத்தடத்தில் மேற்கிலிருந்து வீசும். பலாலி நோக்கிப் போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். நீண்ட தூரப் பயணத்தில் இது அரைமணி, ஒரு மணி என்று தெரியும். இங்கே போக்குக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

நேரத்தைத் தின்பது காற்றைவிட மேகம். வடகிழக்குப் பருவமழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை காவிரி டெல்டாவிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மழை ஒரே சமயத்தில் பெய்யும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரண்டு நிலையங்களும் ஒன்றாகப் பாதிக்கப்படும். தாழ்ந்த மேகத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானம் வட்டமடிப்பதும், திருச்சிக்கே திரும்புவதும், சேவை ரத்தாவதும் அம்மாதங்களில் எதிர்பார்க்க வேண்டியவையே. அந்தக் காலத்தில் பயணம் செய்பவர்கள் அதே நாளில் இன்னொரு இணைப்பு விமானத்தை நம்பி முன்பதிவு செய்வது புத்திசாலித்தனமல்ல.

வீட்டிலிருந்து வீடு வரை

தூரம் உள்ளூருக்கு உள்ளது. சடங்குகள் வெளிநாட்டுக்கு உள்ளவை. இதை மறப்பவர்களே விமானத்தைத் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான செக்-இன் முகப்பு பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். குடிவரவு, சுங்கம், பாதுகாப்புச் சோதனை மூன்றும் உண்டு. சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் கிளம்பும் வேளையில் திருச்சிக் குடிவரவு வரிசை நீளும். 2024 ஜூன் 11 அன்று செயல்படத் தொடங்கிய புதிய முனையத்தில் இடம் தாராளம். ஆனால் வரிசை என்பது முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவது பாதுகாப்பு.

திருச்சி நிலையம் புதுக்கோட்டைச் சாலையில், மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. 2025-இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு வெளியூர்ப் பேருந்துகள் பலவும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வருபவர்கள் அங்கிருந்து நகரப் பேருந்து அல்லது ஆட்டோ பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலாலியில் இறங்கியதும் குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் அரைமணி முதல் முக்கால் மணி ஒதுக்கலாம். ஒரே விமானத்தின் பயணிகள் மட்டுமே நிற்பதால் கூட்டம் பெரிதல்ல. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியைக் கிளம்பும் முன்பே பெற்றுக்கொண்டு அச்சுப் பிரதியும் வைத்திருந்தால் இந்த நேரம் குறையும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் எதிர்த்திசையில் இந்திய மின் விசாவைப் பயன்படுத்தித் திருச்சியில் இறங்கலாம். நிலையத்திலிருந்து பலாலி வீதி வழியே உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி கடந்து யாழ்ப்பாண நகரத்தை எட்ட முப்பது நாற்பது நிமிடம்.

எல்லாவற்றையும் கூட்டினால் திருச்சி வீட்டுவாசலிலிருந்து யாழ்ப்பாண நகர் வரை ஐந்து முதல் ஐந்தரை மணி நேரம். அதில் விமானம் காற்றில் இருப்பது முக்கால் மணிக்கும் குறைவு.

சுற்றுவழிகளோடு ஒப்பிட்டால்தான் இந்த ஐந்தரையின் அருமை தெரியும். சென்னை வழியாக என்றால் ரயிலில் நான்கு முதல் ஐந்தரை மணி, மீனம்பாக்கத்தில் காத்திருப்பு மூன்று மணி, விமானம் ஒன்றேகால் மணிக்குச் சற்றுக் கூடுதல், பின்னர் பலாலிச் சடங்குகள். ஒரு பகல் முழுதும் போய்விடும். கொழும்பு வழியாகச் சென்றால் திருச்சியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒரு மணி சொச்சம்தான்; அதன்பின் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைப்பயணம், பேருந்திலோ ரயிலிலோ ஏழு மணி நேரமாவது ஆகும். கொழும்பில் வேலை இருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

விமானத்துக்குள்

ஏ.டி.ஆர். விமானத்தில் ஏறுவது பின்கதவு வழியாக. தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது. பெரிய விமானத்தில் கையோடு கொண்டுபோகும் சக்கரப் பெட்டி இங்கே நுழையாமல் சரக்கறைக்குப் போகக்கூடும். மருந்து, கடவுச்சீட்டு, பணம் ஆகியவற்றைத் தனிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. விசிறிகளின் இரைச்சல் முன்வரிசைகளில் அதிகம், பின்னே குறைவு.

இறக்கைகள் கூரையோடு பொருந்தியிருப்பதால் கீழே பார்க்க எந்தச் சன்னலும் தோதுதான். பலாலி நோக்கிப் போகையில் இடப்பக்கம் டெல்டாவின் வயல்களும், பின் கோடியக்கரை முனையும் வரும். இறங்கும் வேளையில் வலப்பக்கம் காரைநகரும் ஊர்காவற்றுறைத் தீவுகளும் தெரிய வாய்ப்புண்டு. தெளிவான நாள் வேண்டும்.

இந்தத் தடத்தின் முன்கதை

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு டக்கோட்டா விமானத்தில் நடத்தியது. காங்கேசன்துறை என்று அன்று சொல்லப்பட்டது இந்த நிலையம்தான். உள்நாட்டுப் போரில் அது ராணுவத் தளமாகச் சுருங்கியது. 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. கொரோனாவால் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. இப்படி நின்றும் தொடங்கியும் வந்த தடம் என்பதால், பயணத் தேதிக்குச் சேவை இருக்கிறதா, எந்தக் கிழமைகளில் என்பதை நிறுவனத்தின் அட்டவணையிலேயே பார்த்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டும்.

விமானம் கிடைக்காத நாளுக்கு மாற்றுவழி கடல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல் சேவை இடைவெளிக்குப் பின் 2024 ஆகஸ்டு 16 அன்று மறுபடி தொடங்கியது. பயண நேரம் சுமார் நான்கு மணி. பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலும் நிற்கும். மற்ற நாட்களில், பலாலியில் விமானம் ரத்தானவர்களுக்குக் காங்கேசன்துறைத் துறைமுகம் சில கிலோமீட்டரிலேயே இருக்கிறது.